சின்ன கார்கோ விமான நிறுவனத்தில் பல மாநிலத்தவர் நடுவே கிருஷ்ணகிரிக்காரன் ஒட்ட முடியுமா?

முடியும். தமிழ் பேச ஆள் இருக்காது, சாப்பாடு ஒத்துவராது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். உரசல் வருவது வேறு இடத்தில்.

பெங்களூரு விமான நிலையத்தில் அப்படி ஒரு நிறுவனத்தில் ரேம்ப் பக்கம், அதாவது விமானம் நிற்கும் இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில், சில வருடம் இருந்தேன். விமானங்களும் சொற்பம், ஆட்களும் சொற்பம், வேலை பெரும்பாலும் ராத்திரியில். பெரிய நிறுவனத்தில் அவரவர் மொழிக்காரரோடு ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு ஷிப்டுக்கு ஏழெட்டுப் பேர்தான். மலையாளி, கன்னடர், பீகார்க்காரர், மணிப்பூர்க்காரர் எல்லாரும் அதற்குள்ளேயே.

இதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது என்பது சாதாரணம். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். சென்னையில் "நீங்க தமிழா?" என்பார்கள், பெங்களூரில் சந்தேகமே இல்லாமல் தமிழன். இந்த இரண்டையும் சிறு வயதிலிருந்தே கேட்டவனுக்குப் புது மொழிக்காரர் நடுவே கூச்சம் வராது.

ஒட்டுதல் முறிவது, வேலைப் பேச்சு ஒரு கூட்டத்தின் மொழியில் மட்டும் நடக்கும்போதுதான். ஒருநாள் ராத்திரி சூப்பர்வைசரும், சரக்கு ஏற்றுவதைக் கவனிக்கும் லோட்மாஸ்டரும், இருவருக்கும் ஒரே ஊர், இரண்டு பேலட்டை (சரக்கை அடுக்கிக் கட்டிய தட்டு) இடம் மாற்றுவது என்று தங்கள் மொழியிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். உள்ளே நின்ற மணிப்பூர்க்காரருக்கு அது புரியவில்லை. கையிலிருந்த பழைய தாளின்படியே தள்ளிப் பூட்டிவிட்டார். கார்கோ விமானத்தில் எந்தப் பேலட் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் எடையின் மையம் அமையும். பின்பாரம் கூடினால் சில விமானங்கள் தரையிலேயே வால் குத்தி உட்கார்ந்துவிடும். அதற்காகவே வாலடியில் தாங்கி கொடுத்துவிட்டு ஏற்றுவார்கள். நல்லவேளை, கதவு மூடுமுன் எண்களைச் சரிபார்த்ததில் பிடிபட்டது. இறக்கி மறுபடி ஏற்றினோம், விமானம் தாமதம். திட்டு முழுக்க அவருக்கு. "காது கேக்காதா, சீனாக்காரா" என்றார் சூப்பர்வைசர். இந்த நாட்டுக்காரரை, நம் கூடவே வேர்த்து உழைக்கிறவரை அப்படிக் கூப்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது.

அப்புறம் வந்த ஷிப்ட் இன்சார்ஜ் மண்டியாக்காரர், கன்னடர். பேலட் எண், எடை, இடம், லித்தியம் பேட்டரி மாதிரி ஆபத்தான சரக்கு, இவற்றை எல்லாருக்கும் புரிகிற இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கினார். விமானிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இது புதிதல்ல. திருப்பிச் சொல்வது அவர்களுக்கு விதியே. சர்வதேசப் பறப்புகளில் 2008 மார்ச்சிலிருந்து ஆங்கிலத்துக்குத் தேர்ச்சி அளவுகோலும் உண்டு. சரக்கு ஏற்றுகிறவர்கள் அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை. பொதுமொழியில் சொல்லித் திருப்பிச் சொல்லும் இந்த வழக்கத்தை அவர் தன் ஷிப்டில் தானாகவே கொண்டுவந்தார். டீ நேரத்தில் அவரவர் மொழி, யாரும் எதுவும் சொல்லவில்லை.

2016 செப்டம்பரில் காவிரிக்காகப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்களைக் கொளுத்தினார்களே, அன்றைக்கு என் பைக் டிஎன் 24, கிருஷ்ணகிரி நம்பர். "வண்டி இங்கயே இருக்கட்டும் தம்பி" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, தன் காரில் அத்திப்பள்ளி வரை கொண்டுவந்து விட்டவரும் இதே மனிதர்தான். அங்கிருந்து எல்லை தாண்டி ஜூஜூவாடி வரை கூட்டத்தோடு நடந்தேன்.

அதனால் இன்டர்வியூவில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள். யாருக்கு எப்போது வேலை, எப்போது லீவு என்ற ரோஸ்டர் போடுவது யார்? ஷிப்ட் தொடக்கத்தில் நடக்கும் பிரீஃபிங்கில் காண்ட்ராக்ட் லோடர்களும் நிற்பார்களா, அது எந்த மொழியில்? பண்டிகை லீவை எப்படிப் பிரிக்கிறார்கள்? எங்கள் ஷிப்டில் தை மாதம் எருது விடும் விழாவுக்கு எனக்கு லீவு. மார்ச்சில் மணிப்பூர்ப் பண்டிகை யாவோசாங் வந்தால் மணிப்பூர்க்காரர் இம்பாலுக்குப் போவார், அவருடைய ராத்திரிகளை நான் பார்த்துக்கொள்வேன். ரோஸ்டர் போடுகிறவரின் ஊர்க்காரருக்கே ஒவ்வொரு தடவையும் லீவு விழுகிறது என்று உள்ளே வேலை செய்கிற யாராவது சொன்னால், வேறு இடம் பாருங்கள்.