கட்டுத்தரை ஓரம் ஒரு நாற்காலி

வணக்கம் சார்.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு அத்தை ஊருக்குப் போனதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துத்தான் எங்களுக்கு இந்த ஆசையே வந்தது. எங்களுக்கு இப்போது ஊர் என்று ஒன்று இல்லை. மன்னார்குடி பக்கம் இருந்த நிலத்தை அப்பா 2004-ல் விற்றுவிட்டார். மேட்டூரை ஜூன் 12-ல் திறக்காமல் தள்ளித் தள்ளிப்போன வருடங்கள் அவை. என் பிள்ளைகள் மேடவாக்கத்தில் பிறந்து வளர்கிறவர்கள்.

அரையாண்டு விடுமுறையில் ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் இரண்டு இரவு தங்கினோம். நான், கணவர், ஆறாவது படிக்கும் மகன், இரண்டாவது படிக்கும் மகள், என் அம்மா. கிளம்பும்போதே அம்மா, "சாணி நாத்தத்துக்குக் காசு குடுத்துப் போறியாடி?" என்று கேட்டாள்.

மாட்டு வண்டி, வாய்க்கால் குளியல், கொள்ளுப்பருப்பு என்று எல்லாம் நன்றாகவே போனது. காலை 9 மணிக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பால் கறக்க விட்டார்கள். மகன் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, மாடு காலியா இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தோம், போட்டோ எடுத்தோம். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே கறந்துவிட்ட மாட்டைக் காட்டி எங்களை ஏமாற்றிவிட்டார்களா? தென்னை மட்டையெல்லாம் ஏன் கரி பூசின மாதிரி இருக்கிறது என்று மகள் கேட்டாள். "அதொண்ணுமில்ல கண்ணு" என்று தோட்டக்காரர் பேச்சை மாற்றிவிட்டார். பிள்ளைகளுக்கு நாம் காட்டுவது விவசாயமா, விவசாயம் மாதிரி ஒரு நாடகமா?

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரண்டாம் நாள் விடிகாலை 5 மணிக்கு எழுந்து வெளியே வந்தால், அம்மா மாட்டுக் கொட்டகை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டு அக்கா தனியாளாகச் சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, நாலு மாட்டையும் கறந்துகொண்டிருக்கிறார். முதல் நாளும் இப்படித்தானாம். எங்கள் வீட்டில் யாராவது ஒரு டம்ளரைக் கழுவினால்கூடப் பிடுங்கிக்கொள்கிறவள் அம்மா. "ஒரு கை குடுக்கலாம்லம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். "காசு கட்டித்தானே வந்திருக்கோம்?" என்றாள். எனக்கு அவமானமாகிவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது மட்டும் அந்த அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "செவலைக்கு இடது பின்காம்புல ஏதோ இருக்கு, தொட்டா காலைத் தூக்குது, பாத்துக்கம்மா" என்றாள். யாருக்கு யார் யோசனை சொல்வது என்று எனக்கு அதுவும் சங்கடம்.

இப்படிப் போவது சரிதானா, சார்? மே மாதம் மறுபடியும் போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

"மாடு காலியா இருக்கு." நாற்பது வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை. பையனிடம் சொல்லுங்கள்.

அவன் சொன்னது சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் சரியில்லை. பால் சொசைட்டி விருந்தாளிக்காகக் காத்திருக்காது. விடிவதற்குள் கறந்து, கேனைக் கொண்டுபோய், அளந்து ஊற்றி, கொழுப்புப் பார்த்துச் சீட்டு வாங்கியாக வேண்டும். பிந்தினால் அந்த வேளைப் பால் வீட்டோடு நின்றுபோகும். அடுத்த கறவை மத்தியானத்துக்கு மேல்தான். 9 மணிக்கு அந்த மாடு காலியாக இருந்தது என்றால் அது நிஜமாகவே பிழைப்புக்காகக் கறக்கப்படும் மாடு என்று அர்த்தம். உங்கள் பிள்ளைகளின் போட்டோவுக்காக மடி கனத்து, வலியோடு, 9 மணி வரை நிறுத்தி வைத்திருந்தால் அதைத்தான் நான் நாடகம் என்பேன். இன்னொன்று, நிறைந்த மடியானாலும் புது ஆள் கை வைத்த உடனே மாடு சுரந்துவிடாது. கன்று முட்ட வேண்டும், அல்லது பழகின கை தடவ வேண்டும். மிரண்டால் பாலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கறந்து முடித்த பிறகு பிள்ளைகள் காம்பைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று விட்டார்கள். "கறந்தாச்சு தம்பி, சும்மா தொட்டுப் பாரு" என்று வாயால் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் அவர்கள் மேல் குறை.

எனக்குக் குறை இருப்பது உங்கள் மகள் கேட்ட கேள்வியில். "அதொண்ணுமில்ல கண்ணு" என்று அவர் சொன்னாரே, அதில் எல்லாமே இருக்கிறது. அந்தக் கரி, வெள்ளை ஈ போட்டது. சுருள் வெள்ளை ஈ என்பார்கள். இந்தியாவில் முதன்முதலாக 2016-ல் கண்ணில் பட்டதே பொள்ளாச்சிப் பகுதியில்தான். ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டை வைக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி ஒரு பிசுபிசுப்பைக் கீழ் மட்டைகள் மேல் சொட்டவிடும். அந்தப் பிசுக்கில் கரும்பூஞ்சாணம் படரும். வெயில் பட வேண்டிய ஓலை கறுத்துக் கிடந்தால் மரம் எப்படிக் காய்க்கும்? மருந்தடித்தாலும் வம்பு. அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற என்கார்சியா என்ற பொட்டுக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். அதனால் மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுகிறார்கள். லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் கஞ்சி காய்ச்சி ஓலை மேல் தெளிக்கிறார்கள். கஞ்சி காய்ந்து உரியும்போது கரியையும் பெயர்த்துக்கொண்டு விழும். பரோட்டா மாவில் தென்னைக்கு வைத்தியம்! இதை ஏழு வயசுப் பெண்ணுக்குச் சொன்னால் ஆயுசுக்கும் மறப்பாளா? தோட்டக்காரருக்குக் கூச்சம். விருந்தாளி முன்னால் நோயாளியைப் படுக்கவைத்த மாதிரி நினைத்திருப்பார். ஆனால் அந்தக் கறுத்த ஓலைக்கும் உங்களுக்கு வாடகைக்கு விட்ட அறைக்கும் சம்பந்தம் இருக்கிறது. காய்ப்பு குறைந்து, மரம் ஏறும் கூலி கூடிப்போன பிறகுதான் அந்தப் பக்கத்தில் பல பேர் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை எடுத்துக் கட்டினார்கள்.

இத்தாலியில் இதற்கென்று 1985-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். பண்ணையில் ஆள் தங்கவைக்கலாம், ஆனால் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும் என்று. எது முதல் என்று அளக்க, வருமானத்தைவிட எந்த வேலைக்கு எத்தனை நேரம் போகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். நம் ஊருக்கு அப்படிச் சட்டம் வேண்டுமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. நீங்கள் போகும் இடத்தை அளக்க அது நல்ல படி. விடிகாலையில் அங்கே வேலை நடக்கிறதா, இல்லை 9 மணிக்கு மேல்தான் எல்லாம் ஆரம்பிக்கிறதா? நீங்கள் போன இடம் தேறிவிடும். அதற்குச் சாட்சி உங்கள் அம்மா.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன்.

உங்கள் குடும்பத்தில் ஐந்து பேர் போனீர்கள். பால் கறப்பதை உட்கார்ந்து கவனித்துப் பார்த்தவர் ஒருவர்தான். நீங்கள் அவமானப்பட்ட அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பார்த்திருக்கிறார். நாலு மாட்டில் செவலை மட்டும், அதிலும் இடது பின்காம்பைத் தொடும்போது மட்டும் காலைத் தூக்குகிறது என்று அரை இருட்டில் கண்டுபிடிப்பது காபி குடிக்க உட்கார்ந்தவரால் ஆகிற காரியமா? மடிநோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் வீங்கி இறுகும், சுடும், பால் திரிதிரியாக வரும். கவனிக்காமல் விட்டால் அந்தக் காம்பே போய்விடும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறையைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகக்காரர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு அதுவும் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். இதில் உங்களுக்கு ஏன் சங்கடம்? அந்த அக்காவுக்கு நீங்கள் கட்டிய வாடகையைவிட இந்த ஒரு வார்த்தை பெரிதாக இருந்திருக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் வயசான நாதஸ்வர வித்வான்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து இன்னொருவர் வாசிப்பதைக் கேட்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? தலைகூட ஆடாது. ஆனால் ஒரு பிடி தப்பினால் புருவம் ஏறும். அவர்களிடம் போய் "ஒரு கை குடுங்களேன்" என்று யாரும் சொல்வதில்லை.

நீங்கள் படித்த என் கட்டுரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு மோசடி இருக்கிறது. உடுமலைக்குத் தெற்கே அத்தை தோட்டத்துச் சாளையில் ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் ஒன்பது பிள்ளைகள் இறங்குவோம். கிணறு, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றம் நின்றுபோய் மோட்டார் வந்த கதை, மாங்காய், ராத்திரி களத்தில் பாய் விரித்துப் படுத்தது என்று நாலு பக்கம் எழுதினேன். அத்தைக்கு ஒரே ஒரு வரி. "அத்தை சுடச்சுடச் சந்தவை பிழிந்து போடுவாள்." உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த ஒரு வரியை எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தவை என்றால் இடியாப்பம் மாதிரி. அதைப் பிழிய, முதலில் புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் ஆட்ட வேண்டும். அதை இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிகிற மர அச்சில் போட்டுக் கட்டையால் அழுத்த வேண்டும். ஆறினால் இறங்காது. அத்தை உடம்பு முழுப் பாரத்தையும் அதில் போடுவாள். நாங்கள் அந்தக் கட்டையைப் பிடித்துத் தொங்கச் சண்டை போடுவோம், ஏதோ உதவி செய்கிற நினைப்பில். அப்புறம் தேங்காய்ப்பால். ஒன்பது பேருக்கும் மூன்று தடவை பிழிவாள். அந்த வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அதில் மாமா உட்காருவார். அத்தை எங்கே உட்காருவாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நாங்கள் கிளம்புகிற அன்று, "இனி ஊடு வெறிச்சுனு போயிருமுங் கண்ணு" என்று அழுவாள். அது பொய் இல்லை. ஆனால் மறுநாள் காலை அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

அதனால் காசு கொடுத்துத் தங்குவதை மட்டம் என்று நினைக்காதீர்கள். நாங்கள் காசு கொடுக்காமல் தங்கினோம், அதற்கு அத்தை கொடுத்தாள். ஒன்று மட்டும் பாருங்கள், நீங்கள் கட்டும் பணம் யார் கைக்குப் போகிறது என்று. பொள்ளாச்சி பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அறை வாடகை வீட்டுக்காரர் போனுக்குப் போகும். சாப்பாட்டுக் காசுக்கு அந்த அம்மா சமையலறைக் கதவில் தனியாக ஒரு க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார், தன் கணக்குக்கு. "அது அவரோட கடைங்க, இது என்ர கடைங்க" என்றார். அந்த ஓட்டைக் கதவுக்கு அதைவிடப் பொருத்தமான அலங்காரம் கிடையாது.

மே மாதம் போங்கள். வெயில்தான், ஆனால் தோப்புக்குள் தாங்கலாம். மைதாக் கஞ்சி எப்போது அடிப்பார்கள் என்று மகளை விட்டே போனில் கேட்கச் சொல்லுங்கள். செவலை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேளுங்கள். கறக்கும் நேரத்துக்குப் பையனை எழுப்பிக் கூட்டிப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை. அம்மா தானாக எழுந்திருப்பார். கட்டுத்தரை ஓரம் நாற்காலி கிடக்கிறதா என்று மட்டும் முந்தின ராத்திரியே பார்த்து வையுங்கள்.