மாவுக்கட்டு பிரித்தாச்சு, அப்புறம்? பெரியவர்களின் எலும்பு பற்றி கேள்வி பதில்

குன்னூர்ப் பக்கம் எலும்பு மருத்துவம் பார்க்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் விழுந்து எலும்பு முறிந்தது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மருந்து தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

கோத்தகிரி: அம்மாவுக்கு 68 வயது. வாசல் படியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு பிரித்துக் கையும் சரியாகிவிட்டது. இனி ஏதாவது பார்க்கணுமா?

இப்போதுதான் பார்க்கணும். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைகிறது என்றால் படியை மட்டும் குறை சொல்ல முடியாது, எலும்பே வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை உடைந்தவர்களுக்கு அடுத்ததும் உடையலாம், முதல் இரண்டு வருஷம்தான் ரொம்பக் கவனம் தேவை. கையைச் சரி செய்த டாக்டர் இதைப் பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

இடுப்புக்கும் முதுகுக்கும் டெக்ஸா ஸ்கேன், அதாவது எலும்பின் அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே. ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), வைட்டமின் டி, தைராய்டு, ஹீமோகுளோபின், ஈஎஸ்ஆர் (ரத்த அணுக்கள் படியும் வேகம்). கடைசி இரண்டு எதற்கு என்று சிலர் முணுமுணுப்பார்கள், மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோயும் எலும்பை அரிக்கும், அதற்குத்தான். அப்புறம் அம்மாவைச் சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்து பாருங்கள். இளவயதில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கணும். முதுகெலும்பு முறிவு பாதிக்கு மேல் சத்தமில்லாமல் நடக்கும், வீட்டில் ‘வயசாச்சு, கூன் விழுந்துடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள்.

குன்னூர்: முகாமில் குதிகாலை மெஷினில் வைத்து மைனஸ் 2.7 என்றார்கள். டெக்ஸாவில் மைனஸ் 1.9. எதை நம்ப?

டெக்ஸாவை. குதிகால் அல்ட்ராசவுண்ட் சந்தேகம் கிளப்ப உதவும், முடிவு சொல்லாது. டெக்ஸா தரும் எண் (டி-ஸ்கோர்) இளவயது எலும்போடு ஒப்பிட்டது, அதில் மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை, நடுவில் இருப்பது அடர்த்திக் குறைவு. ஆனால் 1.9 தானே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சாதாரணமாக விழுந்ததில் இடுப்போ முதுகெலும்போ ஏற்கெனவே உடைந்திருந்தால் நம்பர் என்னவாக இருந்தாலும் மருந்து தேவைப்படும். மற்றவர்களுக்கு ஃப்ராக்ஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயது, எடை, பழைய முறிவு, பெற்றோருக்கு இடுப்பு உடைந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு எல்லாம் கொடுத்தால் அடுத்த 10 வருஷத்துக்கான ஆபத்தைச் சொல்லும். இளைப்புக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மஞ்சூர்: இங்கே பாதி நாள் மூட்டம், வெயிலே இல்லை. அப்பா வைட்டமின் டி தூள் பாக்கெட்டை மூன்று வாரமாகத் தினமும் சாப்பிடுகிறார்.

உடனே நிறுத்துங்கள். அந்த 60,000 யூனிட் பாக்கெட் பொதுவாக வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்குத்தான். நாளைக்கே கால்சியமும் கிரியேட்டினினும் பாருங்கள். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், பேச்சில் குழப்பம் இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெயில் வரும் நாளில் வெளியே உட்காரட்டும், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் குளிர் போகும், வைட்டமின் டி வராது.

ஊட்டி: கால்சியம் மாத்திரை அவசியமா?

சாப்பாட்டில் குறைவதற்கு மட்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளைக்கு 1,200 மி.கி., மற்றவர்களுக்கு 1,000. ஒரு டம்ளர் பாலில் 240 போல, 100 கிராம் ராகியில் 360 போல வரும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கோத்தகிரி: எலும்பு தேய்வதைக் குறைக்க வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை. அம்மாவுக்கு நெஞ்செரிச்சல், விட்டுவிடலாமா?

எப்படிச் சாப்பிடுகிறார் என்று முதலில் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் இருக்கணும். டீயும் கூடாது. நம் மலையில் கண் விழிப்பதே டீயில்தான், மாத்திரையையும் அதிலேயே விழுங்கிவிட்டு மறுபடி கம்பளிக்குள் போனால் உணவுக்குழாய் புண்ணாகத்தான் செய்யும்.

சரியாகச் சாப்பிட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வருஷத்துக்கு ஒருமுறை ட்ரிப்பில் ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் இருக்கிறது. இடுப்பு உடைந்தவர்களிடம் செய்து 2007-ல் வெளியான ஆய்வில் புது முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, இறப்பும் குறைந்தது. சிறுநீரகம் சரியாக இருக்கணும், பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஆறு மாத ஊசியான டெனோசுமாப் நல்ல மருந்துதான், ஆனால் தள்ளிப்போட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம். ஊசி தேதி மழைக்காலத்தில் வந்தால், மண்சரிவில் ரோடு அடைபடும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எஸ்டேட் லைன் வீடு: பாட்டி ராத்திரி வெளியே இருக்கும் கழிப்பறைக்குப் போகிறார். எப்படித் தடுப்பது?

போவதைத் தடுக்காதீர்கள், தடுத்தால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். இரவுக்கு மட்டும் கட்டிலருகே கமோடு நாற்காலி போடுங்கள். பகலுக்கு, படியோரம் ஒரு இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்து, படியில் பாசி படிந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். அடி தேய்ந்த ரப்பர் செருப்பைக் குப்பையில் போடுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை. தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? பிரஷரை உட்கார்ந்தும் நின்றும் பார்த்தார்களா? கண்புரை? ஊன்றுகோல் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் இருக்கணும், பாதிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது, பிசியோதெரபியில் காட்டிக் கால் வலுவுக்கும் நிலைதடுமாறாமல் நிற்கவும் பயிற்சி கேளுங்கள்.

கூடலூர்: தாத்தாவுக்கு 82. இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு, நாட்டு வைத்தியக் கட்டு போதும் என்கிறார்கள்.

இடுப்பு முறிவைக் கட்டு பிடித்து நிறுத்தாது. படுக்கையிலேயே கிடந்தால் சளி கட்டி நிமோனியா, முதுகில் புண், காலில் ரத்தக்கட்டு. 82 என்பதால்தான் அவசரம், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், மறுநாளே எழுப்பி உட்கார வைப்பது. இன்றே கூட்டிப் போங்கள், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பையோடு எடுத்துக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிட்டால் அதை முதலில் சொல்லுங்கள்.