பொறியியல் துறைக்குப் பசுமைக் கட்டடம் கட்டும்போது, சோலார் பேனல் தவிர எதைக் கவனிக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறைக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது, கூரை முழுக்க சோலார் பேனல் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேனல் வேண்டும்தான். ஆனால் அதைக் கடைசியாகப் பாருங்கள். இதுபோன்ற கட்டடங்களில் கட்டமைப்புப் பொறியாளராக வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தக் கட்டடம் மணிக்கு எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளப்போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வகுப்பறையில் ஏசி குளிர வைத்த காற்றில் பெரும்பகுதியைத் திரும்பவும் சுற்ற விடலாம். வேதிப்பொருள் புழங்கும் ஆய்வகத்தில் அது முடியாது. அங்கே நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்ற, கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி போன்ற ஃபியூம் ஹூட் இருக்கும்; அது உறிஞ்சுகிற காற்று முழுவதும் வெளியேதான் போக வேண்டும். அந்த இடத்துக்கு வருகிற வெளிக்காற்றைப் புதிதாகக் குளிர்விக்கவோ சூடாக்கவோ வேண்டும். இரவு பகலாக ஓடும் சாதாரண ஃபியூம் ஹூட் ஒன்று, மூன்று அமெரிக்க வீடுகள் செலவழிக்கும் அளவுக்கு ஆற்றலைத் தின்னும் என்பது இந்தத் துறையில் பலரும் சொல்லும் கணக்கு. அப்படி இருபது முப்பது ஹூட் இருக்கும் கட்டடத்தை யோசித்துப் பாருங்கள்.

மின்விசிறிகளுக்கு ஒரு விதி உண்டு. ஒரே குழாய் அமைப்பில் காற்றின் அளவை 20 சதவீதம் குறைத்தால், விசிறிக்குத் தேவைப்படும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காற்றோட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு (0.8 × 0.8 × 0.8 என்பது போல) ஏற்ப மின்தேவை மாறுவதுதான் காரணம். அதனால் ஹூட்டின் கண்ணாடிக் கதவை இறக்கியதும் உறிஞ்சும் அளவு தானாகக் குறைகிற ஏற்பாடு, பல பேனல்கள் செய்யும் வேலையைச் செய்யும். ஹூட் எத்தனை வேண்டும் என்று துறைகளிடம் கேட்கும்போது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயன்படும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போதே பட்டியல் சுருங்கும்.

காற்றுக்குழாய் அகலமாகவும் வளைவு குறைவாகவும் இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தளத்திலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உயரம் வேண்டும். அந்த உயரம் முதல் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது. நான் இருந்த ஒரு திட்டத்தில் குழாய்க்காரர்கள் வந்து சேர்ந்தபோது பீம்களின் ஆழம் முடிவாகிவிட்டிருந்தது. குழாயை நெருக்கி, பீமுக்குக் கீழே வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். அந்த இடைஞ்சலைத் தாண்டிக் காற்றைத் தள்ளப் பெரிய விசிறி வைக்க வேண்டியதாயிற்று. கட்டடம் இருக்கும்வரை அந்த விசிறி கூடுதல் மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். என் பீம்களை நான் இன்னும் கொஞ்சம் தாமதமாக முடிவு செய்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஹூட் உள்ள ஆய்வகங்களை மேல் தளத்தில் ஒன்றாக வைத்தால் குழாய் நீளம் குறையும். பெரிய சோதனை இயந்திரங்கள் தரைத்தளத்துக்கு. ஆசிரியர் அறைகளையும் வகுப்புகளையும் தனிப் பகுதியாகப் பிரித்தால், அங்கே ஏசியைக் குறைக்க வழி பிறக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் திறந்த எஸ்டிஇ4 கட்டடத்தில், ஏசி காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாகவே விட்டு, கூரை விசிறிகளால் அதை ஈடு செய்கிறார்கள். தனக்கு வேண்டிய ஆற்றலைத் தன் கூரையிலேயே எடுத்துக்கொள்ளும்படி வடிவமைத்த கட்டடம் அது. தேவையை முதலில் சுருக்கியதால்தான் கூரை போதுமானதாக ஆனது.

அடுத்தது கான்கிரீட். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டில் 7 முதல் 8 சதவீதம் சிமென்டால் வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லிலிருந்தே வெளியேறுவது. எனவே சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது, சிமென்டைத்தான் குறைக்க வேண்டும். இரும்பு உலைக் கசடை அரைத்துச் சிமென்டில் பாதிவரை மாற்றிப் போடலாம். ஆனால் வலிமை மெதுவாக ஏறும், சென்ட்ரிங் பிரிக்க நாளாகும், ஒப்பந்ததாரர் ஒத்துக்கொள்ளமாட்டார். அஸ்திவாரத்துக்கு முழுச் சுமை வர மாதங்கள் ஆகும் என்பதால், அங்கே கான்கிரீட் போட்டு 28-ஆம் நாளில் அளக்கும் வலிமைக்குப் பதில் 56-ஆம் நாளில் அளக்கும் வலிமையைக் கேளுங்கள். அவசரமான மேல்தளங்களுக்குக் கசடைக் குறைத்துக்கொள்ளலாம். இதை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் கூடுதல் பணம் கேட்பார்கள்.

பொறியியல் மாணவர்கள் புழங்கும் கட்டடம் என்பதால் இன்னொரு ஆசை எனக்கு உண்டு. அயர்லாந்தில் கால்வே நகரப் பல்கலைக்கழகம் 2011-இல் திறந்த பொறியியல் கட்டடத்தில், கட்டும்போதே கான்கிரீட்டுக்குள் சென்சார்களைப் புதைத்தார்கள். தளம் எப்படி வளைகிறது, வெப்பம் எப்படி மாறுகிறது என்பதை மாணவர்கள் தங்கள் கட்டடத்திலேயே அளந்து படிக்கலாம். கான்கிரீட் போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது.

அளவீட்டின் அருமையை நான் நேரில் பார்த்தேன். ஒரு கட்டடம் திறந்து சில வாரங்களில், மின்மீட்டர் தரவைப் பாடத்துக்காக எடுத்த ஒரு மாணவி, நள்ளிரவிலும் பயன்பாடு இறங்கவில்லை என்று வந்து சொன்னாள். போய்ப் பார்த்தோம். சோதனை ஓட்டத்தின்போது மேனுவலுக்கு மாற்றிய ஒரு சுவிட்சை யாரும் ஆட்டோவுக்குத் திருப்பவில்லை. ஆளில்லாத ஆய்வகங்களுக்கு இரவெல்லாம் காற்று ஓடிக்கொண்டிருந்தது. அதனால், ஒவ்வொரு தளத்துக்கும் தனி மீட்டர் வையுங்கள். திறந்த பிறகு ஓராண்டு வந்து சரிபார்க்க வடிவமைப்பாளருக்கு ஒப்பந்தத்திலேயே பணம் ஒதுக்குங்கள்.

இப்போது பேனல். மேல் தளத்தில் ஆய்வகம் வைத்தால் கூரையில் புகைபோக்கிகள் நிற்கும், அவற்றின் நிழல் பேனல் மேல் விழுந்தால் உற்பத்தி சட்டென்று குறையும். பூமத்திய ரேகைக்கு வடக்கே, கடக ரேகையையும் தாண்டிய இடம் என்றால், புகைபோக்கிகளைக் கூரையின் வடக்கு ஓரத்தில் சேர்த்து வைத்துவிட்டு, மீதியைப் பேனலுக்கு விடுங்கள்.