சர்ப்ரைஸ் என்றால் மால்தானா?

சகோ, தண்டையார்பேட்டையில் இருக்கும் காதலியைச் சனிக்கிழமை அசத்த வேண்டும், கையில் ஆயிரம் ரூபாய், அவருக்கு மெரினாவும் மாலும் சலித்துவிட்டது என்கிறீர்கள். சரி, அவர் ஏரியாவையே புதுசாகக் காட்டுங்கள்.

நாலு மணிக்கு மேல் மெட்ரோவில் ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்குங்கள். (வண்ணாரப்பேட்டை தாண்டி அந்தப் பாதை திறந்ததே 2021 பிப்ரவரி 14, காதலர் தினம்!) தியாகராசர் கோயில் பக்கத்திலேயே. தேவாரம் பாடிய சுந்தரர், தான் மணந்த சங்கிலியாரிடம் ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்தது இங்கே மகிழமரத்தடியில்தான். சொன்ன சொல் தவறிக் கண் போனதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், நம்புவார்.

இருட்டியதும் மண்ணடியில் இறங்கி, பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடைக்கு நடங்கள். பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும், அதனால் ஹீல்ஸ் வேண்டாம் என்று மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் கூட்டிப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.