விலான் 10-லிருந்து 20-க்கு பிங் போகவில்லை: பதில்

ஒரே விலானுக்குள் (ஸ்விட்சில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) பிங் (இணைப்பைச் சோதிக்கும் செய்தி) போகுது, விலான் 10-லிருந்து 20-க்குப் போகலைன்னு சொல்றீங்க. அப்போ பிசிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவிலுள்ள கேபிளைச் சந்தேகப்பட வேண்டாம். பேக்கெட் ட்ரேசரில் (நெட்வொர்க் பயிற்சி மென்பொருள்) ஸ்விட்சைத் திறந்து 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ட்ரங்க்' அடிங்க. ட்ரங்க்னா பல விலான்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு. ரௌட்டருக்குப் போகும் போர்ட் அந்தப் பட்டியலில் இல்லையா? அதுக்கு 'ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்' கொடுங்க. ரௌட்டர் தானாகப் பேசி ட்ரங்க் ஆக்காது, ஸ்விட்ச் போர்ட்டை ஆட்டோவில் விட்டால் வேலைக்காகாது.

அடுத்து ரௌட்டர். சப்-இன்டர்ஃபேஸில் (ஒரே போர்ட்டை விலானுக்கு ஒன்றாகப் பிரித்த பகுதி) அதன் விலான் எண்ணோடு 'என்கேப்சுலேஷன் டாட்1க்யூ 20' அடித்த பிறகுதான் ஐபியை ஏற்கும். 'நோ ஷட்டவுன்' மெயின் இன்டர்ஃபேஸில் போடணும். லேப் தேர்வில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒவ்வொரு பிசியிலும் கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசல் முகவரி) அதன் விலானுக்குரிய சப்-இன்டர்ஃபேஸ் ஐபியாக இருக்கணும், உதாரணமாக விலான் 20-க்கு 192.168.20.1.

எல்லாம் சரியான பிறகும் முதல் பிங் மட்டும் டைம்அவுட் ஆகலாம். ஐபிக்குரிய வன்பொருள் முகவரியை ஏஆர்பி என்ற நெறிமுறை தேடும் நேரம் அது, எதையும் மாற்றிடாதீங்க.