சிஎஸ்ஆர் பணம் வாங்க டிரஸ்ட் தொடங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி இரண்டு வருடமாக ஒரு சிமென்ட் ஆலை கட்டி வருகிறார்கள். டிப்பர் லாரிகள் ஓடி ஓடிப் பள்ளிக்கூடச் சாலை குண்டும் குழியுமாகிவிட்டது. ஆலைக்காகப் போட்ட புதுச் சாலை கண்மாயின் வரத்துக்காலை அடைத்துவிட்டதால், போன மழைக்குக் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. “பாதிக்கப்பட்ட ஊருக்குக் கம்பெனி தன் லாபத்தில் 2 சதவீதம் கொடுத்தே தீர வேண்டும். டிரஸ்ட் இருந்தால்தான் வாங்க முடியும்” என்கிறார் ஒருவர். டிரஸ்ட் பதிவு, வருமான வரிப் பதிவு எல்லாவற்றுக்கும் 75,000 ரூபாய். நிதி வந்ததும் அதில் 20 சதவீதம் அவருக்கு. இளைஞர் மன்றத்திலிருந்து 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். ஆதார் நகலும், எழுதாத லெட்டர்பேடில் ஐந்து பேரின் கையெழுத்தும் அவரிடம் இருக்கின்றன. மீதியைக் கட்டலாமா?
— தென்மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அதுதான். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சிஎஸ்ஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் அந்தப் பணம் “பாதிக்கப்பட்ட ஊருக்கு” என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்கிறது. எந்த ஊருக்கு, எவ்வளவு என்பதை முடிவு செய்வது நிறுவனத்தின் இயக்குநர் குழு. உங்கள் ஊருக்கு இவ்வளவு என்று யாரும் உரிமை கொண்டாடிக் கேட்க முடியாது.

டிரஸ்ட் விஷயம் இன்னும் மோசம். வெளி அமைப்பு ஒன்றின் மூலம் கம்பெனி இந்தப் பணத்தைச் செலவிட வேண்டுமானால் அந்த அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண்ணும் பெற்றிருக்க வேண்டும். அவர் இதுவரை சொல்லியிருப்பார். அதோடு, அதேபோன்ற பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். இதை அவர் சொல்லியிருக்க மாட்டார். நாளைக்குப் பதிவாகும் உங்கள் டிரஸ்டுக்கு அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? அது வரும்வரை ஆண்டுதோறும் கணக்கு எழுத வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும், வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் செலவு உங்கள் தலையில். அவருக்குக் கட்டணம் வந்துவிட்டது. உங்களுக்குப் பத்திரம் வந்துவிட்டது. பணம் மட்டும் வராது. இந்தக் கதையை மாவட்டத்துக்கு மாவட்டம் கேட்டுக் காது புளித்துவிட்டது. 20 சதவீதத்துக்கும் ஒரு வார்த்தை: சிஎஸ்ஆர் செலவில் நிர்வாகச் செலவாகக் கம்பெனியே 5 சதவீதத்துக்கு மேல் காட்டக் கூடாது. இவர் கேட்பது அதைப் போல் நான்கு மடங்கு.

இப்போது, பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் ஆலை இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. அதைக் கட்டுவது ஏற்கெனவே பல ஆலைகள் நடத்தும் நிறுவனமே நேரடியாகவா, இந்த ஒரு திட்டத்துக்காக மட்டும் புதிதாகப் பதிவு செய்த தனிக் கம்பெனியா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தனிக் கம்பெனி என்றால் அது ஒரு மூட்டை சிமென்ட்கூட விற்றிருக்காது. விற்காத கம்பெனிக்கு லாபம் இல்லை; இல்லாத லாபத்தில் 2 சதவீதம் பூஜ்யம். 500 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்பு இருந்து சட்டத்துக்குள் வந்தாலும் இதே கதைதான். 2 சதவீதத்தைக் கணக்கிட அடிப்படை வேண்டுமே! தாய் நிறுவனம் மனசு வைத்தால் கொடுக்கலாம், கட்டாயம் கிடையாது. ஆலை ஓடத் தொடங்கி, லாபம் காட்டத் தொடங்கிய பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கும். நுழைவாயிலில் தெரிந்த பிராண்ட் பெயரைப் பார்த்து “இவ்வளவு பெரிய கம்பெனி” என்று நம்பிவிடாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்தக் கடிதத்தில்தான் உங்கள் விஷயத்தின் உயிர் இருக்கிறது. சாலையையும் வரத்துக்காலையும் சிஎஸ்ஆர் மனுவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சட்டப்படி செய்தாக வேண்டிய கடமையைச் சிஎஸ்ஆர் கணக்கில் காட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அடைத்த வரத்துக்காலைத் திறந்துவிடுவது கம்பெனியின் கடமை, நன்கொடை அல்ல. நீங்களே “தயவுகூர்ந்து உதவி செய்யவும்” என்று எழுதிக் கொடுத்தால், பாக்கி வைத்தவரிடம் போய்க் கடன் கேட்டதுபோல் ஆகிவிடும். அவர்களும் ஒரு போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்வார்கள்.

இந்த அளவு ஆலை என்றால் பெரும்பாலும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்திருக்கும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். வீடியோ எடுத்திருப்பார்கள். மக்கள் என்ன கேட்டார்கள், கம்பெனி என்ன பதில் சொன்னது என்பது தமிழிலும் பதிவாகியிருக்கும். அந்த நடவடிக்கைக் குறிப்பு உங்கள் ஊராட்சி அலுவலகத்திலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகலும் ஊராட்சிக்கு வந்து 30 நாள் அறிவிப்புப் பலகையில் இருந்திருக்க வேண்டும். எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். பீரோவில் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பார்க்கலாம். அதுவும் சரிப்படாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. பதிலுக்கு 30 நாள்.

கூடவே ஆறு மாத அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அனுமதியில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையையும் எப்படி நிறைவேற்றினோம் என்று கம்பெனி ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். இங்கிலீஷில், கோணல்மாணலாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு நிபந்தனைக்கு எதிரிலும் “நிறைவேற்றப்பட்டது” என்று எழுதியிருப்பார்கள். வரத்துக்காலை நேரில் வந்து பார்க்க ஓர் அதிகாரிக்கு அரை மணி நேரம் போதும். யாரும் வருவதில்லை. நீர்வழிகளைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு எதிரில் அந்த ஒற்றை வார்த்தை இருந்தால், உங்கள் கையில் இருக்கும் புகைப்படம்தான் மனுவின் முதல் பக்கம்.

இங்கே இன்னொரு பொறி. 2018 மே 1 தேதியிட்ட அமைச்சக உத்தரவு ஒன்றைத் தரகர்கள் எடுத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். திட்ட முதலீட்டில் இத்தனை சதவீதத்தைச் சுற்றுவட்டாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று அதில் அட்டவணையே இருந்தது உண்மை. 2020 செப்டம்பர் 30-இல் வந்த உத்தரவு அதை மாற்றிவிட்டது. இப்போது சதவீதமாகப் பணம் ஒதுக்குவது இல்லை. கருத்துக்கேட்பில் கம்பெனி கொடுத்த வாக்குறுதிகள், இத்தனை மீட்டர் கால்வாய், இத்தனை மரம் என்று செய்ய வேண்டிய வேலையாகவே சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் எழுதப்படும். ஆகவே “உங்கள் ஊர்ப் பங்கு இத்தனை கோடி” என்று யாராவது கால்குலேட்டரைத் தட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனு எப்படி இருக்க வேண்டும்? முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டின் நகலும் புல வரைபடமும் வாங்குங்கள். வரத்துக்கால் எந்தச் சர்வே எண்ணில் ஓடைப் புறம்போக்காக இருக்கிறது என்பது அதில் தெரியும். பிறகு கிராமசபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். “நிறுவனம் ஊருக்கு உதவ வேண்டும்” என்று பொதுவாக எழுதினால் அது குப்பைக்குத்தான் போகும். “சர்வே எண் இன்னதில் உள்ள வரத்துக்காலின் குறுக்கே, சாலைக்காகக் கொட்டிய மண்ணை அகற்றி, முன்பிருந்த அகலத்துக்குக் குறையாமல் பாலம் அமைத்து, பருவமழைக்கு முன் நீர் வரத்தைச் சரிசெய்ய வேண்டும்” என்று எழுதுங்கள். குழாய் போட்டு மூடித் தருகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், முதல் வெள்ளத்திலேயே செத்தையும் செடியும் அடைத்துக்கொள்ளும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, கூட்டத்திலேயே உரக்க வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. நகலை ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் சென்னையில் உள்ள அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கம்பெனிக்குக் கடைசியாகக் கொடுத்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மனு போனதும் கட்டுமான ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் வருவார். “ஊருக்குச் செலவே இல்லாமல் கண்மாயைத் தூர்வாரித் தருகிறோம்” என்பார். பெரிய கட்டுமானம் நடக்கும் இடத்தில் சாலைக்கும் மேடு தூக்கவும் ஆயிரக்கணக்கான லோடு மண் தேவை. அவருக்கு வேண்டியது அந்த மண். மேலே படிந்திருக்கும் வண்டல் அவருக்குப் பயன்படாது. அதைத் தள்ளிவிட்டு அடியில் உள்ள சவுடையும் கிராவலையும் தோண்டுவார். தோண்ட வசதியான இடம் லாரி வந்து நிற்கும் கரையோரம். கரையின் காலடியில் குழி விழுந்தால் கரை பலவீனமாகும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியாக வெளியே வராது, வயலுக்கும் போகாது. ஆடு மாடு குடிக்கும், குழந்தைகள் விழும். கண்மாய் பார்க்க நிறைந்திருக்கும், கடைமடைக்காரர் பம்புசெட்டை நம்பியிருப்பார்.

வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி உண்டு. அது வயலுக்கும் மண்பாண்டத்துக்கும். சாலை போட அல்ல. உண்மையிலேயே தூர்வார வேண்டுமானால் கண்மாய் யாருடையது என்று முதலில் பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீரில் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். அவர்களுடைய பொறியாளர் மடை மட்டத்தைக் குறித்துக் கொடுத்து, அந்த மட்டத்தோடு நிறுத்து என்று எழுத்தில் சொன்ன பிறகுதான் ஜேசிபி இறங்க வேண்டும்.

சிஎஸ்ஆர் வேண்டவே வேண்டாமா என்றால், கேளுங்கள். பள்ளிக் கழிப்பறை, வகுப்பறை, துணைச் சுகாதார நிலையத்துக்குக் கருவிகள் என்று கேட்கலாம். இதற்கும் டிரஸ்ட் தேவையில்லை. கம்பெனி தானே நேரடியாகச் செய்யலாம். கட்டடத்தை ஊராட்சியின் பெயரிலோ துறையின் பெயரிலோ ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஆர்ஓ குடிநீர் நிலையம் என்று ஆரம்பித்தால் கரண்ட் பில்லும் மெம்பரேன் மாற்றும் செலவும் யாருடையது என்று அப்போதே எழுதி வாங்குங்கள்; இல்லாவிட்டால் அடுத்த வருடம் அது பூட்டிய கூண்டு. அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்தை அவர்கள் போடுவதற்கு முன்பே மனு போக வேண்டும். மார்ச் கடைசியில் போனால் மிச்சம் மீதிதான். ஆலைக்கென்று பக்கத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் தோண்டினால் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று இன்னொரு வழி உண்டு. சுரங்கக் குத்தகைதாரர் ராயல்டியோடு சேர்த்துக் கட்டும் பணம் அது. பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே இருப்பது. அந்த விண்ணப்பமும் ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அந்த வெற்றுத் தாள்களைத் திரும்ப வாங்குங்கள். அவற்றில் “ஊருக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை” என்று அடித்துக் கம்பெனியிடமே விற்கலாம். 10,000 ரூபாய் போனாலும் போகட்டும், தாள்கள் முக்கியம். தர மறுத்தால், இன்ன தேதியில் இத்தனை வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டு இன்னாரிடம் கொடுத்தோம், அவற்றில் எழுதப்படும் எதற்கும் எங்கள் ஒப்புதல் இல்லை என்று ஐந்து பேரும் சேர்ந்து காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். அதன் நகலை ஆட்சியருக்கும் கம்பெனிக்கும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.