அமெரிக்க அரசு முடக்கம்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நிதி ஒதுக்கீடு நிறைவேறாததால் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அமெரிக்க அரசு முடங்கிக் கிடந்தது. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள்கூடச் சம்பளமின்றி வேலை பார்த்தார்கள். இங்கே பட்ஜெட் கூட்டத்தில் எத்தனை அமளி நடந்தாலும் அதற்காகத் தாலுகா அலுவலகத்தைப் பூட்டியதில்லை. உலகத்துக்கே மக்களாட்சிப் பாடம் நடத்தும் நாட்டில் இப்படி நடப்பது, அந்த அமைப்பே உளுத்துப்போனதற்கு அடையாளம் அல்லவா?

கே.எஸ்., திருச்சி

அன்புள்ள கே.எஸ். அவர்களுக்கு,

கோளாறு இருக்கிறது, ஆனால் நீங்கள் சுட்டும் இடத்தில் இல்லை என்று நினைக்கிறேன். அரசு முடக்கம் அந்நாட்டு அரசியல் சாசனத்தோடு கூடப் பிறந்ததன்று. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்பதோடு சாசனம் நிறுத்திக்கொள்கிறது. 1980 வரை, நிதி ஒதுக்கீடு தாமதமானால் துறைகள் செலவைச் சுருக்கிக்கொண்டு, பணம் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வேலையைத் தொடர்ந்தன. அவ்வாண்டு அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கப்படாத பணத்தைச் செலவிடத் தடை விதிக்கும் பழைய சட்டமொன்றின்படி அப்படித் தொடர முடியாது என்று கருத்துரை வழங்கினார். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிக்கும் பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று 1981-இல் விளக்கினார். நீங்கள் சொல்லும் விமானப் போக்குவரத்து ஊழியர்கள் சம்பளமின்றி வேலை பார்க்க நேர்ந்தது இந்த விலக்கினால்தான்.

நம் முறையில் நிதி மசோதா தோற்றால் அமைச்சரவை வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே அதிபரும் இரு சபைகளும் தனித்தனியாக, தனித்தனிப் பதவிக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதால், பிணக்கு வந்தால் யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. 2025-இல் மூன்றும் ஒரே கட்சியின் கையில் இருந்தும் முடக்கம் வந்தது. ஏனென்றால் மேல்சபையான செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும், குடியரசுக் கட்சிக்கு இருந்தது 53 பேர். இந்த 60-உம் சாசனத்தில் இல்லை. 1975-இல் செனட் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதி. ஒதுக்கீடு முடியாவிட்டால் சென்ற ஆண்டின் அளவிலேயே பணம் தொடரும் என்று ஒரு சாதாரணச் சட்டம் போட்டால் முடக்கமே வராது. அத்தகைய மசோதாக்கள் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. முடக்கம் என்ற மிரட்டல் இரு கட்சிக்கும் அவ்வப்போது பயன்படுகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

சட்டத்தால் தொட முடியாத கோளாறு வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி கலிஃபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர். வயோமிங்கில் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர். இரண்டுக்கும் செனட்டில் தலா இரண்டு இடங்கள். 1790-இல் மிகப் பெரிய மாநிலமான வர்ஜீனியாவுக்கும் மிகச் சிறிய டெலவேருக்கும் இடையே வேறுபாடு சுமார் 13 மடங்கு. இன்று 68 மடங்கு. சாசனத்தின் பிற பகுதிகளை நாலில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்பினால் திருத்தலாம். செனட்டின் சம இடத்தையோ, அதை இழக்கும் மாநிலம் தானே ஒப்பாமல் தொட முடியாது என்று ஐந்தாம் பிரிவு பூட்டுப் போட்டிருக்கிறது. எந்த மாநிலம் தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளும்? உச்ச நீதிமன்றத்துக்கு ஆயுள்காலத்துக்கு நியமிக்கப்படும் நீதிபதிகளை உறுதிசெய்வதும் இந்தச் சபைதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வலிமையும் நாம் பழக்கத்தால் தேடும் இடத்தில் இல்லை. தேர்தலை நடத்த நம்முடையதைப் போன்ற ஒரே ஆணையம் அங்கே கிடையாது. மாநிலங்களும் அவற்றுக்குள் நம் மாவட்டம் போன்ற கவுண்டிகளும் தத்தம் விதிப்படி நடத்துகின்றன. இதை நான் வெகுகாலம் அலங்கோலம் என்றே எண்ணியிருந்தேன். 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியா மாநிலத்தில் ஜோ பைடன் 11,779 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சுமார் 50 லட்சம் வாக்குச் சீட்டுகள் கையாலும் எண்ணப்பட்டன. 2021 ஜனவரி 2 அன்று அதிபர் டிரம்ப் தேர்தலை மேற்பார்வையிடும் அம்மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். ராஃபன்ஸ்பெர்கர் அதே கட்சிக்காரர், டிரம்புக்கு வாக்களித்தவர், ஆனாலும் மறுத்தார். மறுத்தவரைப் பதவியிலிருந்து தூக்க வாஷிங்டனுக்கு அதிகாரமில்லை, அவர் அம்மாநில மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒரே ஆணையம் இருந்திருந்தால் நெருக்கடி தர ஒரே கதவு போதும். அங்கே ஐம்பது மாநிலங்களிலும் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருந்தது.

அதிபர் தேர்தலில் மாநிலங்கள் அனுப்பும் முடிவுகளை நாடாளுமன்றத்தில் எண்ணும் சடங்கில் துணை அதிபருக்கு எதையும் தள்ளும் அதிகாரமில்லை என்று 2022 இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தால் தெளிவாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டே ஜார்ஜியா சட்டமன்றம் தன் தேர்தல் சட்டத்தைத் திருத்தியபோது, மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைமைப் பதவியையும் வாக்குரிமையையும் மாநிலச் செயலரிடமிருந்து எடுத்துவிட்டது. முடக்கத்தைவிட இந்தத் திருத்தம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது.